எக்ஸ்பயர் ஆன டொமைன்ல என் எழுத்த திருடிப் போட்டாங்க: நான் பட்ட பாடும் தெரிஞ்சிக்கிட்டதும்

அம்மாவுக்கு பக்கவாதம் வந்து வலது பக்கம் செயலிழந்தப்புறம் பல வருஷம் வீட்லயே வச்சு பாத்துக்கிட்டேன். படுக்கைப்புண் வராம எப்படி திருப்பிப் படுக்க வைக்கிறது, விழுங்க கஷ்டப்படறவங்களுக்கு எப்படி ஊட்டறது, கை விரல் மடங்கிப் போகாம என்ன பயிற்சி குடுக்கறது, இதெல்லாம் தெரப்பிஸ்ட் சொல்லிக் குடுத்ததையும் நாங்க பழகினதையும் சேத்து ஒரு வெப்சைட்ல எழுதிட்டு வந்தேன். மெதுவா ஆள் வர ஆரம்பிச்சாங்க. நோயாளி குடும்பங்களுக்கான குழுக்கள், ரெண்டு மூணு ஆஸ்பத்திரியோட தகவல் பக்கம்னு பல இடத்துல லிங்க் குடுத்திருந்தாங்க. விளம்பரத்துல கொஞ்சம் வருமானமும் வந்துச்சு, அம்மா மருந்து செலவுல ஒரு பங்கு அதுலயே ஓடுச்சு. அந்த சைட்ட எப்படி இழந்தேன், அப்புறம் அது எந்த ரூபத்துல திரும்பி வந்துச்சு, என் எழுத்த மீட்க என்னெல்லாம் செஞ்சேன்னு எழுதறேன். நான் தேடின நேரத்துல இத ஒரே இடத்துல முழுசா சொல்ல ஒருத்தரும் கிடைக்கல.

டொமைன் (சைட்டோட முகவரிப் பேரு) வாங்கினது, ஹோஸ்டிங் (சைட்டோட ஃபைல்கள சர்வர்ல வச்சு ஓட்டறது) பாத்துக்கிட்டது எல்லாம் ஒரு சின்ன டிசைன் கம்பெனி. வருஷா வருஷம் பில் அனுப்புவாங்க, நான் கட்டிடுவேன். ஒரு கட்டத்துல அந்த கம்பெனிய மூடிட்டாங்க, வாடிக்கையாளர் யாருக்கும் தகவல் சொல்லல. டாட் காம் மாதிரி டொமைன்களுக்கு எக்ஸ்பயரி தேதிக்கு சுமார் ஒரு மாசம் முன்னாடி ஒண்ணு, ஒரு வாரம் முன்னாடி ஒண்ணு, முடிஞ்சு 5 நாளுக்குள்ள ஒண்ணுன்னு நினைவூட்டல் அனுப்பணும்னு, உலக அளவுல டொமைன் பேர்கள ஒழுங்குபடுத்தற ஐகேன் அமைப்போட விதியே இருக்கு. ஆனா அது டொமைன் யார் பேர்ல இருக்கோ அவங்களுக்குத்தான் போகும். டொமைன் அந்த கம்பெனி பேர்லயே இருந்ததால எல்லா மெயிலும் ஆளே இல்லாத ஒரு இன்பாக்ஸுக்குப் போயிருக்கு. ஒருநாள் காலைல சைட் திறக்கல. ஃபோன் பண்ணா நம்பர் உபயோகத்துல இல்லன்னு வருது, மெயில் திரும்பி வருது. அன்னைக்கு வயித்துல ஏற்பட்ட அந்த கலக்கம் இன்னும் ஞாபகம் இருக்கு.

எக்ஸ்பயர் ஆன உடனே டொமைன் போயிடாது, இந்த கணக்கு எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கணும். டாட் காம் மாதிரி டொமைன்கள்ல முதல்ல 45 நாள் வரைக்கும் ஒரு கிரேஸ் பீரியட், எவ்வளவு நாள்னு ரெஜிஸ்ட்ரார் (டொமைன பதிஞ்சு குடுக்கற கம்பெனி) முடிவு பண்ணுவாங்க, அதுக்குள்ள சாதாரண கட்டணத்துல ரினியூ பண்ணலாம். அது தாண்டினா 30 நாள் ரிடெம்ப்ஷன், இதுல மீட்க அபராதம் மாதிரி பெரிய தொகை கேப்பாங்க. அதுவும் தாண்டினா 5 நாள் பெண்டிங் டிலீட், அப்ப யாரும் ஒண்ணும் செய்ய முடியாது. அப்புறம் டொமைன் பொதுவுல விழும், விழற நொடிலயே பிடிக்கறதுக்குன்னு மெஷின் வச்சு காத்திருக்கற கம்பெனிகள் இருக்கு. பல ரெஜிஸ்ட்ரார்கள் அது வரைக்கும் கூட விடறதில்ல, கிரேஸ் பீரியட்லயே ஏலத்துக்கு விட்டுடுவாங்க. நாட்டுப் பேர்ல முடியற டொமைன்களுக்கு கணக்கு வேற. என் விஷயத்துல கிரேஸ்லயும் ரிடெம்ப்ஷன்லயும் டொமைன் யார் பேர்ல இருந்துச்சோ அவங்க மட்டும்தான் மீட்க முடியும், அது என் பேர்லயே இல்ல. பில் ரசீத காமிச்சு ரெஜிஸ்ட்ரார்கிட்ட கெஞ்சினேன், அக்கவுண்ட் உங்க பேர்ல இல்லன்னு ஒரே பதில். கண்ணு முன்னாடி நாள் ஓடுச்சு, டொமைன் ஏலத்துல யாருக்கோ போயிடுச்சு.

கையில பேக்கப் இருந்துச்சு. என் பேர்லயே வேற ஒரு டொமைன் வாங்கி எல்லாத்தையும் ஏத்தினேன். ஆள் வரத்து பாதிக்கும் கீழ போயிடுச்சு, ஆனாலும் மெதுவா ஏறிடும்னு நம்பி இருந்தேன். சில மாசம் கழிச்சு ஒரு வாசகி மெயில் போட்டாங்க, "உங்க பழைய சைட்ல சூதாட்ட லிங்க் எல்லாம் இருக்கே, நீங்கதான் போட்டீங்களா, எங்க அப்பாவுக்காக படிக்க வந்தேன், மனசு கஷ்டமா இருக்கு"ன்னு. திறந்து பாத்தா என் சைட் அப்படியே உயிரோட இருக்கு. அதே டிசைன், அதே என் ஃபோட்டோ, அதே என் பேரு, அம்மாவோட கைய நான் பிடிச்சிருக்கற படம் உட்பட. விழுங்க கஷ்டப்படறவங்களுக்கு தண்ணிய கெட்டியாக்கிக் குடுக்கறத பத்தி ஒரு பத்தி எழுதியிருந்தேன், தெரப்பிஸ்ட்கிட்ட கேக்காம அளவ மாத்தாதீங்கன்னு முடியும். அந்த பத்திக்கு நடுவுல, என் வாக்கியத்த ரெண்டா வெட்டி, நான் எழுதின மாதிரியே ஒரு வரி சேத்து அதுல ஆன்லைன் கேசினோ லிங்க். என் பேரு போட்ட பக்கத்துல. அன்னைக்கு ராத்திரி தூங்கல. பணம் போனத விட, ஒரு நோயாளி வீட்டு ஆளு நம்பி வந்து படிக்கற இடத்துல என் குரல்லயே அத சொல்ல வச்சிட்டாங்களேங்கறதுதான் தாங்கல.

எப்படி எடுத்தாங்கன்னு பேஜ் சோர்ஸ், அதாவது பக்கத்துக்குப் பின்னாடி இருக்கற கோட, பாத்தா புரிஞ்சிடுச்சு. பக்கத்தோட அடில, இந்த ஃபைல் இன்ன தேதில ஆர்கைவ் ஆச்சு, இன்ன தேதில இன்டர்நெட் ஆர்கைவ்ல இருந்து எடுக்கப்பட்டதுன்னு ஒரு குறிப்பு வரி அப்படியே கிடக்கு. இன்டர்நெட் ஆர்கைவோட வேபேக் மெஷின், வெப் பக்கங்களோட பழைய நகல்கள சேமிச்சு வைக்கற இடம், அதுல இருந்த என் பழைய பக்கங்கள ஒரு டூல் வச்சு மொத்தமா இறக்கி திரும்ப ஏத்தியிருக்காங்க, அந்த வரிய கூட அழிக்கல. ஏன் செய்யறாங்கன்னா, ஆஸ்பத்திரி பக்கங்கள்ல இருந்து வர்ற லிங்க் எல்லாம் இன்னும் அந்த டொமைனத்தான் காட்டுது, அந்த மதிப்ப வச்சு சூதாட்ட சைட்டுகள கூகுள்ல மேல ஏத்தலாம். இது அவ்வளவு பரவலா நடக்கறதாலதான் கூகுள் 2024 மார்ச்ல எக்ஸ்பயர்ட் டொமைன் அப்யூஸ்னு தனிப் பேர் வச்சே அத ஸ்பேம் விதிகள்ல சேத்தாங்க. இதுல எனக்கு இன்னொரு அடி, ரெண்டு சைட்லயும் ஒரே எழுத்து இருந்ததால கூகுள் பழையதத்தான் அசல்னு எடுத்துக்கிச்சு. என் புது சைட்ல பல பக்கம் டூப்ளிகேட்னு ஒதுங்கிடுச்சு, என் எழுத்துக்கு நானே நகலாயிட்டேன்.

இந்த மாதிரி ஒண்ணு உங்களுக்கு நடந்தா முதல் வேலையா மெயில பாருங்க. டொமைன் கைமாறிச்சுன்னா அந்த டொமைன்ல இருக்கற மெயில் முகவரியும் கைமாறும். புது ஆளு கேட்ச்-ஆல்னு ஒரு அமைப்ப போட்டா அந்த டொமைனுக்கு எந்த பேர்ல மெயில் வந்தாலும் அவருக்குப் போகும். பாஸ்வேர்ட் மறந்துட்டேன்னு ஒரு பட்டன் அழுத்தினா போதும், உங்க அக்கவுண்ட் அவர் கைல. என் விளம்பர அக்கவுண்ட், படம் சேமிச்சு வச்ச இடம், ரெண்டு சோஷியல் மீடியா அக்கவுண்ட் எல்லாத்துக்கும் பழைய முகவரிதான் லாகின். அன்னைக்கு ராத்திரியே எல்லாத்தையும் வேற மெயிலுக்கு மாத்தி டூ ஸ்டெப் வெரிஃபிகேஷன் போட்டேன். பழைய ரசீது, பழைய மெயில் எல்லாம் தேடித் தேடி எங்கெல்லாம் அந்த முகவரி குடுத்திருக்கோம்னு ஒரு பட்டியல் போடுங்க, ஞாபகத்த மட்டும் நம்பாதீங்க.

அடுத்தது ஆதாரம், இத யாருக்கும் ஒரு வரி எழுதறதுக்கு முன்னாடியே செய்யணும், ஏன்னா புகார் போச்சுன்னு தெரிஞ்ச உடனே பக்கத்த மாத்திடுவாங்க. ஒவ்வொரு பக்கத்தையும் முழு முகவரியும் தேதியும் தெரியற மாதிரி ஸ்க்ரீன்ஷாட், பிடிஎஃப், பேஜ் சோர்ஸ் மூணும் எடுத்தேன், வேபேக் மெஷின்லயே அந்த பக்கத்த இப்பவே சேமின்னு ஒரு வசதி இருக்கு, அதுலயும் போட்டு வச்சேன், மூணாவது ஆள் கையில இருக்கற சாட்சி அது. அப்புறம் இது என் எழுத்துதான்னு காட்டற பொருள். இங்கதான் எக்ஸ்பயர்ட் டொமைன் விவகாரம் சாதாரண திருட்டுல இருந்து மாறுது. பழைய ஆர்கைவ் நகல் அந்த டொமைன்ல அந்த எழுத்து வருஷக்கணக்கா இருந்துச்சுன்னுதான் சொல்லும், இன்னைக்கு அந்த டொமைன் அவன் கையில, அதனால அதே ஆதாரம் அவனுக்கு சாதகமாவும் திரும்பும். நான் வச்சது டாக்குமெண்ட்ல இருந்த டிராஃப்டோட வெர்ஷன் ஹிஸ்டரி, சைட்ல இருக்கறத விட பெரிய அளவுல இருந்த ஒரிஜினல் படங்கள், கேமராவே பதிஞ்ச தேதியோட, அப்புறம் டிசைன் கம்பெனிக்கு நான் பணம் கட்டின ரசீதுகள். எதிர்பாக்காம இன்னொண்ணும் கிடைச்சுது. சைட்டுக்கு எத்தன பேர் வர்றாங்கன்னு எண்ற என் அனலிடிக்ஸ் கோட அப்படியே காப்பி பண்ணியிருந்ததால அவங்க சைட்டுக்கு வர்ற ஆள் கணக்கு என் ரிப்போர்ட்ல ஓடிட்டு இருந்துச்சு, ஹோஸ்ட்நேம் பக்கத்துல பழைய டொமைன் பேரோட. அதையும் சேமிச்சேன். விளம்பர கோடும் அதே மாதிரி அங்க இருந்துச்சு, சூதாட்ட லிங்க் இருக்கற பக்கத்துல என் விளம்பர ஐடி ஓடினா என் அக்கவுண்டுக்கே ஆபத்து, அதனால அனுமதிச்ச சைட் பட்டியல்ல இருந்து பழைய டொமைன உடனே எடுத்துட்டேன்.

யார் வாங்கினாங்கன்னு பாக்க ஐகேனோட லுக்அப் பக்கத்துல போட்டேன். டொமைன் பதிவு விவரம் தேடற முறைய முன்னாடி ஹூஇஸ்னு சொல்வாங்க, 2025 ஜனவரி 28ல இருந்து டாட் காம் மாதிரி டொமைன்களுக்கு ஆர்டாப்ங்கற முறைதான் அதிகாரபூர்வம். 2018ல ஐரோப்பாவோட தனியுரிமை சட்டம் வந்தப்புறம் ஆள் பேரு பெரும்பாலும் மறைச்சுதான் வருது, ரெஜிஸ்ட்ரார் பேரும் புகார் முகவரியும் மட்டும் தெரியும். ரெஜிஸ்ட்ரார் வழியா உரிமையாளருக்கு செய்தி அனுப்பற ஃபார்ம் ஒண்ணு இருந்துச்சு, அதுல என் எழுத்த எடுங்கன்னு மரியாதையா கேட்டேன். வந்த பதில் டொமைனோட விலை. ரினியூவல் கட்டணத்த விட பல நூறு மடங்கு. எழுத்த பத்தி ஒரு வார்த்தை இல்ல. நான் குடுக்கல, குடுக்கவும் சொல்ல மாட்டேன், ஏன்னா நம்ம ஒருத்தர்கிட்ட வாங்கின பணத்துலதான் அடுத்த பத்து டொமைன பிடிப்பாங்க.

டொமைனையே சட்டப்படி திரும்ப வாங்க முடியாதான்னு ஒரு வக்கீல்கிட்ட போனேன், அந்த ஃபீஸ் ஒரு மாச விளம்பர வருமானத்துக்கு மேல. அவர் சொன்னது இதுதான். டொமைன் பேர் தகராறுக்கு யூடிஆர்பின்னு 1999ல இருந்து ஒரு வழி இருக்கு, டபிள்யூஐபிஓவுல (உலக அறிவுசார் சொத்து அமைப்பு) ஒரே நடுவர் முன்னாடி 5 டொமைன் வரைக்கும் புகார் வைக்க 1500 டாலர். ஆனா அது டிரேட்மார்க் உள்ளவங்களுக்கான வழி. பேரு நம்ம டிரேட்மார்க்னு காட்டணும், எதிராளிக்கு அதுல நியாயமான உரிமை இல்லன்னு காட்டணும், கெட்ட எண்ணத்தோட பதிவு பண்ணி உபயோகிக்கறான்னும் காட்டணும், மூணுல ஒண்ணு குறைஞ்சாலும் போச்சு. ஜெயிச்சாலும் டொமைன்தான் வரும், நஷ்ட ஈடு வராது. என் சைட் பேரு சாதாரண ரெண்டு வார்த்தை, பதிவு பண்ணல. டொமைன் வாடகை வீடு மாதிரி, காலம் முடிஞ்சா அடுத்தவன் குடி வரலாம், ஆனா உள்ள விட்டுட்டு வந்த பொருள் உங்களோடதுதான்னு சொன்னார். எழுத்துக்கு பதிவே வேண்டாம், எழுதின நிமிஷமே காப்பிரைட் உங்களுக்கு வந்துடும், காப்பிரைட்டுக்கான சர்வதேச பெர்ன் உடன்படிக்கைல இருக்கற நாடுகள் எல்லாத்துலயும் செல்லும். அதுக்கப்புறம்தான் பேர விட்டுட்டு எழுத்த மட்டும் மீட்கறதுன்னு முடிவுக்கு வந்தேன். அந்த முடிவுக்கு வர மனசு ரொம்ப கஷ்டப்பட்டுச்சு, வருஷக்கணக்கா வளத்த பேரு அது.

எழுத்து விஷயத்துல ரெஜிஸ்ட்ரார்கிட்ட போய் நேரத்த விடாதீங்க. 2024 ஏப்ரல்ல இருந்து ஃபிஷிங், மால்வேர் மாதிரி விஷயங்கள்ல அவங்க நடவடிக்கை எடுத்தாகணும்னு ஐகேனோட போட்ட ஒப்பந்தத்துலயே இருக்கு, காப்பிரைட் அதுல வராது, ஹோஸ்டிங் கம்பெனிய பாருங்கன்னு அனுப்பிடுவாங்க. ஹோஸ்ட் யாருன்னு பாத்தா ஐபி முகவரி கிளவுட்ஃப்ளேர காட்டுச்சு, அவங்க நடுவுல நிக்கற திரை மாதிரிதான், ஃபைல் இருக்கறது வேற இடத்துல. அவங்க புகார் ஃபார்ம்ல காப்பிரைட்னு போட்டு அனுப்பினா உண்மையான ஹோஸ்ட் யாருன்னு பதில் வரும், புகாரையும் அவங்களுக்கு அனுப்பி வைப்பாங்க. அந்த ஹோஸ்டுக்கு நேரா டிஎம்சிஏ நோட்டீஸ் எழுதினேன். 1998ல வந்த அமெரிக்க காப்பிரைட் சட்டம் அது, வேற நாட்டு கம்பெனிகள் பலதும் அந்த வடிவத்துல வந்தா எடுத்துக்கறாங்க. அதுல என்ன இருக்கணும்னா உங்க அசல் எழுத்து எது, திருட்டு நகல் எந்த முகவரில இருக்கு, உங்க தொடர்பு விவரம், இது அனுமதியில்லாம போட்டதுன்னு நல்லெண்ணத்தோட நம்பறேன்னு ஒரு வரி, தகவல் சரியானது, பொய்ன்னா தண்டனைக்கு உட்படறேன், உரிமையாளர் நான்தான்னு ஒரு வரி, கையெழுத்து. மொத்த சைட்டும் என்னோடதுன்னு ஒரே வரில எழுதினா பல இடத்துல நகராது, பக்கம் பக்கமா அசலும் நகலும் ஜோடி போட்டுக் குடுக்கணும். அத ஒரு ஷீட்ல போட எனக்கு பல ராத்திரி ஆச்சு, அம்மா தூங்கினப்புறம் உக்காந்து செஞ்சேன், ஆனா பின்னாடி எல்லா இடத்துக்கும் அதே ஷீட்தான் உதவுச்சு. இதுக்குன்னு பணம் வாங்கற ஏஜென்சிகள் இருக்கு, நோட்டீஸ் அனுப்ப கட்டணமே கிடையாது, நம்மளே எழுதலாம்.

கூகுளுக்கு தனியா ஃபார்ம், பிங்குக்கு தனியா. தேடல்ல இருந்து எடுக்கறது வேற, பக்கமே அழியறது வேற, ரெண்டும் செய்யணும். கூகுளுக்கு அனுப்பற நோட்டீஸோட நகல் லூமன்ங்கற பொது தொகுப்புக்குப் போகலாம், அதுல அனுப்பினவங்க பேரு தெரியும், புனைபேர்ல எழுதறவங்க இத முன்னாடியே யோசிச்சுக்கோங்க.

அப்புறம் நடந்தத நான் கனவுலயும் நினைக்கல. அவங்க எனக்கு எதிரா நோட்டீஸ் குடுத்தாங்க. பழைய டொமைன்தான் அசல், புது சைட்காரன்தான் திருடினான்னு. என் சொந்த பக்கங்கள்ல சிலது தேடல்ல இருந்து காணாம போச்சு. அம்மாவோட கை படம் இருக்கற பக்கமும் அதுல ஒண்ணு. கோபத்துல கை நடுங்குச்சு, ஆனா இதுக்கும் வழி இருக்கு. கவுண்டர் நோட்டீஸ்னு குடுக்கணும், இது தவறா நீக்கப்பட்டதுன்னு உறுதிமொழியோட. வெளிநாட்டுல இருக்கறவங்க அமெரிக்க ஃபெடரல் கோர்ட்டோட அதிகாரத்த ஏத்துக்கறேன்னும் அதுல எழுதணும், அந்த வரிய படிச்சு நிறைய பேர் பயந்து விட்டுடறாங்க, அதத்தான் இவங்க நம்பறாங்க. எழுத்து நிஜமா உங்களோடதுன்னா பயப்படாதீங்க, சந்தேகம் இருந்தா மட்டும் வக்கீல்கிட்ட கேட்டுட்டு அனுப்புங்க. புகார் குடுத்தவன் கோர்ட்டுக்குப் போகலன்னா, ஹோஸ்ட் நீக்கின பக்கத்த 10 முதல் 14 வேலை நாள்ல திரும்பப் போடணும்னு அந்த சட்டத்துலயே இருக்கு. அவங்க கோர்ட்டுக்குப் போகல. என் டிராஃப்டும் ஒரிஜினல் படமும் அந்த ஷீட்டும் இருந்ததால பக்கங்கள் திரும்ப வந்துச்சு.

இவ்வளவு வேலைலயும் அதிக பலன் குடுத்தது எதுன்னா சட்டம் சம்பந்தமே இல்லாத ஒண்ணு. பழைய டொமைனுக்கு யாரெல்லாம் லிங்க் குடுத்திருக்காங்கன்னு தேடி ஒவ்வொருத்தருக்கும் மூணு வரி மெயில் போட்டேன். நான்தான் அத எழுதினவன், டொமைன் கைமாறி இப்ப அங்க சூதாட்ட லிங்க் இருக்கு, புது முகவரி இது, மாத்த முடியுமா. ஆஸ்பத்திரி பக்கங்கள் சீக்கிரமே மாத்தினாங்க, அவங்களுக்கும் அது சங்கடம்தானே. அவங்க அந்த டொமைன வாங்கினதே அந்த லிங்குக்காக, அது ஒவ்வொண்ணா கழண்டா வாங்கினதோட மதிப்பே போச்சு. என் புது பக்கங்கள் கூகுள்ல ஏற ஆரம்பிச்சதும் அப்பத்தான். நேரம் கம்மியா இருந்தா, மெயில் முகவரி, ஆதாரம் ரெண்டையும் முடிச்ச கையோட இந்த வேலைக்குப் போங்க.

ஹோஸ்ட் ஒரு கட்டத்துல பக்கங்கள எடுத்துட்டாங்க. கொஞ்ச நாள்ல அதே நகல் வேற ஹோஸ்ட்ல வந்துச்சு, திரும்ப அதே நோட்டீஸ், அதே ஷீட். அந்த சுத்து ஒரு வருஷத்துக்கு மேல போச்சு. அந்த காலத்துல விளம்பர வருமானம் கிட்டத்தட்ட நின்னுடுச்சு, வக்கீல் ஃபீஸ் தனி, புதுசா ஒரு கட்டுரை கூட எழுத முடியல.

இப்ப என் டொமைன் என் பேர்ல, என் அக்கவுண்ட்ல, என் கார்டுல இருக்கு. அதிகபட்சம் 10 வருஷம் வரைக்கும் சேத்து ரினியூ பண்ணலாம், அப்படியே பண்ணி ஆட்டோ ரினியூவலும் போட்டுட்டேன். ரெஜிஸ்ட்ரார் அக்கவுண்டுக்கு குடுத்த மெயில் அந்த டொமைன சேந்தது இல்ல, அது முக்கியம், டொமைன் விழுந்தா அந்த மெயிலும் விழுந்துடும், எச்சரிக்கை கூட வந்து சேராது. டெவலப்பர் கைல டொமைன் இருக்கறவங்க இன்னைக்கே லுக்அப்ல போட்டு ரெஜிஸ்ட்ரார் யாரு, தேதி எப்ப முடியுதுன்னு பாருங்க, அந்த அக்கவுண்ட் யார் பேர்ல இருக்குன்னு டெவலப்பர்கிட்ட கேளுங்க, ஆதாரத்தோட பதில் வாங்குங்க. உங்க பேர்ல இல்லன்னா டொமைன மாத்தறதுக்கான ரகசிய குறி, ஆத் கோட்னு சொல்வாங்க, அத கேட்டு உங்க அக்கவுண்டுக்கு மாத்திக்கோங்க, அவங்க நல்லவங்களா இருந்தாலும் கேளுங்க. நீங்களே வேற டொமைனுக்கு மாறினாலும் பழையத விட்டுடாதீங்க, பழைய முகவரிக்கு வர்றவங்க தானா புதுசுக்குப் போற மாதிரி ரீடைரக்ட் போட்டு வருஷக்கணக்கா கட்டிட்டு வாங்க.

பழைய டொமைன் இன்னும் அவங்ககிட்டதான் இருக்கு, ஆனா என் எழுத்து அங்க இல்ல, வெறும் விளம்பரப் பக்கம்தான். இன்னொரு ஹோஸ்ட்ல படுக்கைப்புண் பத்தின ஒரு பக்கம் மட்டும் மாட்டிக்கிட்டு நிக்குது, அவங்களுக்கு போன வாரமும் நோட்டீஸ் அனுப்பியிருக்கேன். அந்த ஷீட்ல அசல் நகல் ஜோடி எப்படி போட்டேன், நோட்டீஸ்ல என்ன வரி எழுதினேன்னு வேணும்கறவங்க கேளுங்க, அப்படியே தரேன்.